என் மச்சான் கொண்டுவந்த என் டாபர்மேன்

வெளிநாட்டிலிருந்து யாராவது சொந்தக்காரர் வந்தால் சாக்லேட் கேளுங்கள், சென்ட் கேளுங்கள், தைலம்கூடக் கேளுங்கள். வாயும் வயிறும் உள்ள எதையும் கேட்காதீர்கள். நான் நாய் கேட்டேன். அதுவும் சும்மா நாய் இல்லை, அப்பன், பாட்டன், முப்பாட்டன் வரைக்கும் மெடல் வாங்கிய டாபர்மேன். (என் சொந்த முப்பாட்டன் பெயர் எனக்குத் தெரியாது. அந்த நாயின் முப்பாட்டன் பெயர் இன்றும் மனப்பாடம்.)

அப்போது எனக்கு நாய்க் கண்காட்சிப் பைத்தியம் பிடித்திருந்தது. பெங்களூரில் எந்த மைதானத்தில் கண்காட்சி நடந்தாலும் காக்ஸ் டவுன் வீட்டிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். என்னிடம் நாய் கிடையாது. கருத்து மட்டும் நிறைய இருந்தது. ஒரு முறை ஜெயித்த டாபர்மேனைப் பார்த்து, 'பின்னங்கால் சரியில்லையே' என்று சொல்லிவிட்டேன். நாயின் சொந்தக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, 'உங்க நாய் எங்க சார்?' என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். அதோடு என் புத்தியை மூடினேன்.

போலந்தில் நாய் வளர்த்து விற்கும் ஒரு பெண்மணி கிடைத்தார். வீடியோ காலில் பேசினார். குட்டியின் அப்பாவைக் காட்டினார், அதன் கோப்பைகளைக் காட்டினார், பனியையும் காட்டினார். குட்டியை முன்னாலிருந்து காட்டினார், பக்கவாட்டில் காட்டினார், கண், காது, பல் எல்லாம் காட்டினார். பின்பக்கத்தை மட்டும் ஒரு முறைகூடக் காட்டவில்லை. அது எனக்கு உறைக்கவும் இல்லை. 'இனி நீங்கள் என் குடும்பத்தில் ஒருவர்' என்று அவர் சொன்னதும் எனக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி ஷீலா, உங்கள் சொந்தத் தங்கை பேசினால் இப்படி உருகுவதில்லையே என்று கேட்டாள். நான் காதில் வாங்கவில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. விற்பதற்காகவோ விலைக்கு வாங்கியோ வெளிநாட்டு நாயைச் சும்மா இங்கே இறக்க முடியாது. வெளிநாட்டில் இருந்தவர் நிரந்தரமாக ஊர் திரும்பும்போது தான் வளர்த்த பிராணியைக் கூட்டிவரலாம். அது ஒன்றுதான் வழி. எங்கள் ஊர் நாய்க்காரர்கள் இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள். ஊர் திரும்பும் யாரையாவது பிடித்து, அவர் நாய் என்று சொல்லிக் கொண்டுவரச் செய்வார்கள். என் அதிர்ஷ்டம், ஷீலாவின் ஒரே தம்பி ஜெரோம் போலந்தில் வேலையை விட்டுவிட்டு, இங்கே ஓக்கலிபுரத்தில் தனியாக இருக்கும் அம்மாவோடு இருக்கப்போகிறேன் என்று கிளம்பிக்கொண்டிருந்தான்.

ஜெரோமுக்கு நாய் என்றால் உயிர் பயம். சின்ன வயதில் தெரு நாய் கடித்துத் தொடையில் தழும்பு. எதிரில் நாய் வந்தால் இன்றும் எதிர்ப்பக்கம் போய்விடுவான். ஆனால் அக்கா புருஷன் கேட்டு அவனால் மறுக்க முடியாது. அந்த ஒரே தைரியத்தில்தான் நான் கேட்டேன். நீ உன் சீட்டில், அது அதன் கூண்டில், முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம் என்று சத்தியம் செய்தேன்.

சத்தியம் நிற்கவில்லை. சான்றிதழ் எல்லாம் ஜெரோம் பெயரில் எடுக்க வேண்டும் என்பதால், பயணத்துக்குச் சில வாரம் முன்பே நாயை அவன் ஃபிளாட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார் அந்தப் பெண்மணி. முதல் நாள் ஜெரோம் பாத்ரூமுக்குள் தாழ் போட்டுக்கொண்டு எனக்கு போன் செய்தான். 'மாமா, வெளிய உக்காந்து கதவையே பாத்துட்டு இருக்கு' என்றான். நான் இங்கிருந்து, 'தைரியமா இருடா, அது குட்டிதான்' என்று சொல்லிவிட்டு டிபனைத் தொடர்ந்தேன். அப்புறம் அவன் போன் செய்வது குறைந்துவிட்டது. கோபமாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் வந்து இறங்கிய நாள் நல்ல வெயில். நாய்கள் பயணிகள் பக்கம் வராது, சரக்குப் பகுதிக்குத்தான் வரும். வண்டியோடு வந்த உறவினன் என்று பாஸ் வாங்கி உள்ளே போனேன். ஜெரோம் தன் பெட்டிகளோடு அங்கே வந்து சேர்ந்தான். தாடி வளர்த்து இளைத்திருந்தான். 'நல்லா இருக்கியாடா' என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. 'பின்னங்கால் எப்படி?' என்று கேட்டேன்.

கூண்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். உள்ளே கறுப்பாக, காலெல்லாம் நீளமாக, நடுங்கிக்கொண்டு ஒரு ஜீவன். தண்ணீர்க் கிண்ணம் காலி. மூச்சு வாங்கியது. எத்தனையோ கண்காட்சியில் தள்ளி நின்று பார்த்த நாய், இப்போது என் நாய். ஆனால் அதைச் சொல்லவும் கூடாது, கிட்டே போகவும் கூடாது. நான் சும்மா டிரைவர் மாதிரி நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு.

பரிசோதிக்க வந்தவர் கால்நடை டாக்டர், ஐம்பதை ஒட்டிய அம்மா. சுத்தமான கன்னடத்தில் ஜெரோமிடம் கேள்வி கேட்டார். என்ன சாப்பிடும், எங்கே படுக்கும், எதற்குப் பயப்படும். ஜெரோம் நிதானமாகப் பதில் சொன்னான். மழைச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போகும் என்றான். பையன் நன்றாகப் பொய் சொல்கிறான் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. டாக்டர் நாயின் பல்லைப் பார்த்தார், காதைப் பார்த்தார், தோலுக்கு அடியில் இருக்கும் சிப்பைச் சரிபார்த்தார். கடைசியில் பின்பக்கம் கையை விட்டுப் பார்த்து நிமிர்ந்தார். ஆண் நாய்க்கு இரண்டு விதை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இறங்கியிருக்கிறது, இன்னொன்று வயிற்றுக்குள்ளேயே நின்றுவிட்டது, தெரியுமா என்று கன்னடத்தில் கேட்டார். தெரியும் மேடம் என்றான் ஜெரோம்.

எனக்குத் தெரியாது. நாய்க் கண்காட்சி தெரிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். அப்படிப்பட்ட நாயைப் போட்டி வளையத்துக்குள்ளேயே விட மாட்டார்கள். கோப்பை, மெடல், 'உங்க நாய் எங்க' என்று கேட்ட ஆளின் முகத்தில் கரி பூசுவது, எல்லாம் அந்த ஒரு நொடியில் போனது. நான் பிறந்து வளர்ந்தது இந்த ஊர். ஆபீஸரிடம் கன்னடம் பேசுவோம், நமக்குள் ரகசியத்தைத் தமிழில் பேசிக்கொள்வோம். அது எங்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். அதனால் முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டே, பல்லைக் கடித்துத் தமிழில் கொட்டினேன்.

"டேய், ஷோ நாய்னு சொல்லித்தானேடா அந்தப் பொம்பள எனக்கு வித்தா? தெரிஞ்சும் ஏன்டா என்கிட்ட சொல்லல?"

டாக்டர் கையுறையை மெதுவாகக் கழற்றினார்.

"யாரு யாருக்கு வித்தாங்க?" என்று கேட்டார். தமிழில். என் தமிழைவிட நல்ல தமிழில்.

அவர் அத்திபெலேக்காரராம். ஓசூர் பார்டரில், கடைகண்ணி எல்லாம் தமிழ் பேசும் ஊரில் வளர்ந்தவர். உளறினேன். உளற உளற இன்னும் மாட்டினேன். அவர் கத்தவில்லை. விலை கொடுத்து வாங்கிய நாயை அடுத்தவர் பெயரில் கொண்டுவந்தால் அனுமதி கிடையாது, வந்த வழியே திருப்பி அனுப்பவேண்டியதுதான் என்றார். அங்கே வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள் என்றார்.

போலந்துக்கு போன் போட்டேன். என் குடும்பத்துப் பெண்மணி எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். வெளியே போன நாய் நோயோடு வரும், தன் கொட்டகைக்குத் திரும்ப ஏற்றுவதில்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மறுபடி போட்டேன். போகவில்லை. (இன்று வரைக்கும் போகவில்லை.) வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத நாயை அங்கே என்ன செய்வார்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் மேலதிகாரியிடம் பேச உள்ளே போய்விட்டார்.

அப்படி ஒரு காத்திருப்பை என் கல்யாணத்தில் தாலி மறந்துபோனபோதுகூட நான் பார்த்ததில்லை. சுமை தூக்குகிறவர்கள் எங்களையே பார்த்தார்கள். ஓக்கலிபுரத்தில் மாமியார் பிரியாணி தம் போட்டுவிட்டு, வந்தாச்சா, வந்தாச்சா என்று ஷீலா மூலம் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தார். நாய் கூண்டுக்குள் முனகியது. பயந்துபோன அந்தக் குரலைக் கேட்டபோதுதான் எனக்கு முதல் முறையாகக் கோப்பை மறந்துபோனது. பின்னங்காலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த மடையன், ஒரு உயிரைச் சாமான் மாதிரி வரவழைத்து நடுத்தெருவில் நிறுத்திவிட்டேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஜெரோம் கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கம்பிக்குள் விரல்களை விட்டிருந்தான். நாய் அதை நக்கிக்கொண்டிருந்தது. நாயைக் கண்டால் தெருவைத் தாண்டும் என் மச்சானின் விரல்கள்.

"மாமா, இவன அனுப்பினா அதே ஃபிளைட்ல நானும் போயிடுவேன்" என்றான் என்னைப் பார்க்காமல்.

வேலையை விட்டுவிட்டாய், வீட்டைக் காலி செய்துவிட்டாய், எங்கேடா போவாய் என்றேன். தெரியாது என்றான். அம்மா காத்திருக்கிறாரே என்றேன். அவன் அழ ஆரம்பித்துவிட்டான். ஒரே மகன் ஊர் திரும்புகிறான் என்று ஒரு அம்மா இலை போட்டுக் காத்திருக்க, அவனை ஏர்போர்ட்டிலேயே வழியனுப்பிய மருமகனாக நான் வீட்டுக்குப் போவதை நினைத்துப் பார்த்தேன்.

டாக்டர் திரும்பி வந்தார். முடிவைத் தன்னிடமே விட்டுவிட்டார்கள் என்று சொல்லி, கூண்டைத் திறக்கச் சொன்னார். என்னிடம், 'நீங்க கூப்பிடுங்க' என்றார். நாய்க்கு நான் வைத்திருந்த ராஜா என்ற பெயரைச் சொல்லி, கண்காட்சியில் கூப்பிடுகிற மாதிரி மிடுக்காகக் கூப்பிட்டேன். நாய் கூண்டின் மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டது. இன்னொரு முறை கூப்பிட்டேன். அங்கேயே மூத்திரம் போனது.

ஜெரோம் குரலே உயர்த்தவில்லை. "தம்பி, வாடா" என்றான்.

வெளியே பாய்ந்து வந்தது. அவன் மடியில் ஏறி, அந்த நீளக் காலையெல்லாம் மடக்கி, தலையை அவன் கக்கத்துக்குள் நுழைத்துக்கொண்டது. வீட்டுக்கே கடைக்குட்டி ஜெரோம். பிறந்ததிலிருந்து எல்லோரும் அவனைத்தான் தம்பி என்று கூப்பிட்டிருக்கிறோம். அவன் கூப்பிட ஒரு தம்பி கிடைத்தது போலந்தில்தான். அவன் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. மழைக்குக் கட்டிலுக்கு அடியில் போவது உட்பட.

டாக்டர் கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இது உங்க நாயா?"

சுமை தூக்குகிறவர்கள், சரக்கை எடுத்துத்தரும் ஏஜென்டு, காவலாளி எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"இல்ல மேடம்."

"சரியா கேக்கல."

"என் நாய் இல்ல மேடம்."

"நாளைக்கு வந்து என்னுதுனு கேப்பீங்களா?"

"ஜென்மத்துக்கும் கேக்க மாட்டேன் மேடம். என்னுது இல்ல மேடம்."

எந்த நாய்க்காக மாதக்கணக்கில் தூக்கம் கெட்டேனோ, அந்த நாயைத் தொண்டை கிழிய என்னுது இல்லை என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் உடம்பெல்லாம் லேசானது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். சான்றிதழில் பெயர் யாருடையதோ அவர் வீட்டில்தான் நாய் இருக்கவேண்டும், என்றைக்கு வேண்டுமானாலும் வந்து பார்ப்பேன், இந்த ஆள் வீட்டில் இருந்தால் இரண்டு பேரும் தொலைந்தீர்கள் என்று எச்சரித்து டாக்டர் கையெழுத்துப் போட்டார். போகும்போது, உள்ளே நின்றுபோனதை ஆபரேஷன் செய்து எடுத்துவிடுங்கள், விட்டுவைத்தால் பின்னால் கட்டி வரலாம் என்று ஜெரோமுக்கு மட்டும் அன்பாகச் சொன்னார். என்னிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

மெடல் பரம்பரையில் பிறந்தவன் இன்று ஓக்கலிபுரத்தில் மாமியார் கையால் ஈரல் சோறு தின்கிறான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டரம்மா இதுவரை வரவில்லை. ஆனாலும் அந்தப் பயத்தில் ஒரு ராத்திரிகூட அவனை என் வீட்டில் தங்கவைக்க ஜெரோம் சம்மதித்ததில்லை. என் வீட்டில் ஈரத் துண்டு கட்டிலில் கிடந்து, இது யாருது என்று ஷீலா கேட்டால், என் இரண்டு பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டு என் குரலில், 'ஜென்மத்துக்கும் என்னுது இல்ல மேடம்' என்கிறார்கள்.

போன மாதம் ஜெரோமுக்கு நிச்சயதார்த்தம். அவன் உள்ளே மோதிரம் போட்டுக்கொண்டிருக்க, நாய்ச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கும் பொறுப்பு எனக்கு. தெருவில் போன ஒருவர் பைக்கை நிறுத்தி, இறங்கி வந்து, நாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விஷயம் தெரிந்தவர் என்று பார்வையிலேயே தெரிந்தது. "என்ன சார் பின்னங்கால்! இம்போர்ட்டட் ரத்தம்தானே? உங்க நாயா சார்?" என்றார். வாழ்நாளெல்லாம் நான் யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கிய கேள்வி. ஒரு நிமிடம் வாய்வரைக்கும் வந்துவிட்டது. நாய் என்னைப் பார்க்கவே இல்லை, உள்ளே கேட்ட ஜெரோம் குரலுக்குக் காதை நிமிர்த்திக்கொண்டிருந்தது.

"இல்லைங்க, என் மச்சானுது. நான் சும்மா பிடிச்சிட்டு நிக்கிறேன்" என்றேன்.