படியில் தொங்க மறுத்த நஞ்சுமீசை

சிங்கப்பூரில் திருந்திய மனிதர்கள் பலரை எனக்குத் தெரியும். குடியை விட்டவர், சீட்டாட்டத்தை விட்டவர், குடியை விட்டுச் சீட்டாட்டத்தைப் பிடித்துக்கொண்டவர் என்று சிராங்கூன் ரோட்டில் அந்த நாளில் வகைக்கு ஒருவர் இருந்தார். ஆனால் ஒரு தப்பும் செய்யாமல் திருந்தவேண்டி வந்தவர் இந்தத் தீவிலேயே ஒருவர்தான். அவர் நஞ்சுமீசை.

சொந்தப் பெயரைக் கேட்காதீர்கள். தெரியும், சொல்ல மாட்டேன். "நஞ்சுமீசைன்னே கூப்பிடு தம்பி. அந்தப் பேர நான் சண்ட போட்டுல்ல சம்பாரிச்சேன்" என்று அவரே பிற்காலத்தில் சொல்லிவிட்டார்.

தேக்காவிலிருந்து டோபி காட் வழியாகச் சைனாடவுன் மாரியம்மன் கோயில் பக்கம் போகும் பஸ்ஸில் அவர் கண்டக்டர். மீசை என்றால் நீங்களும் நானும் வைத்துக்கொள்கிற மீசை இல்லை. பஸ் முனையில் திரும்பினால் மீசை கொஞ்சம் பிந்தித்தான் திரும்பும். அவர் சிரித்தால் ஏதோ மோதிவிட்டது என்று டிரைவர் பிரேக்கை மிதிப்பார். மற்றபடி பரம சாது. பஸ்ஸில் விட்டுப்போன குடையைத் தெருத் தெருவாகக் கொண்டுபோய் உரியவரிடம் சேர்த்துவிட்டு வருவார்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். படியில் யாரும் நிற்கக் கூடாது.

"உள்ள ஏறுங்க, இல்ல கீழ எறங்குங்க. நடுவுல தொங்குறதுக்கு நீங்க என்ன வாழைத்தாரா?"

போலீஸ்காரரானாலும் இதுதான், புது மாப்பிள்ளையானாலும் இதுதான். எங்கள் பத்திரிகை ஓவியரானாலும் இதுதான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அப்போது நான் ஒரு தமிழ் வார இதழில் உதவி ஆசிரியர். டன்லப் ஸ்ட்ரீட் பக்கத்தில் ஒரு கடைவீட்டில் எங்கள் அச்சகம். அதில் ஒரு படக்கதை வந்துகொண்டிருந்தது. கதை என்னுடையது, படம் ஓவியருடையது. இடிமார்பன், புயல்பாதன், ஒளிவிழியாள் என்று மூன்று மாவீரர்கள் முகமூடியும் முதுகில் போர்வையுமாகக் கடிகாரக் கோபுரத்துக்கு மேலே பறந்து ஊரைக் காப்பார்கள். வெளிநாட்டு மாவீரர்கள் மாதிரி உள்ளாடையை வெளியே போட்டுக்கொள்ளக் கூடாது என்று ஆசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் ஆண்கள் இருவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பறந்தார்கள். அந்த உயரத்தில் வேட்டி எப்படி இடுப்பில் நிற்கிறது என்று வாசகர்கள் கேட்டார்கள். அதுதான் மாவீரம் என்று பதில் போட்டோம்.

மாவீரர்கள் மூவர், வில்லன் ஒருவன்கூட இல்லை. ஓவியர் வில்லன் முகத்தைத் தேடிக்கொண்டிருந்த வாரத்தில்தான் படியில் நின்றபடி பஸ்ஸில் வந்திருக்கிறார். பஸ் நிறைய ஆள். வாழைத்தார் வசனத்தைக் கேட்டு எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மனிதர் முகம் சிவந்து அச்சகத்துக்குள் வந்தார், நேரே மேசையில் உட்கார்ந்து வரைந்தார். மீசையின் இரண்டு நுனியிலும் விஷம் சொட்டச் சொட்ட வில்லன் பிறந்துவிட்டான். 'நஞ்சுமீசை' என்று பெயரை நான் வைத்தேன்.

"யாரோ போல இருக்கிறதே" என்றேன்.

"தற்செயல்" என்றார் ஓவியர்.

நல்ல தற்செயல். கன்னத்து மறுவைக்கூட விட்டுவைக்கவில்லை.

அடுத்த வாரமே பஸ்ஸில் பிள்ளைகள் அம்மாக்களின் சேலைக்குள் புகுந்துகொண்டார்கள். பெரியவர்கள் மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பையன் டிக்கெட்டை வாங்க மாட்டேன், விஷம் தடவியிருக்கும் என்று அழுதான். அவருக்கோ ஒன்றும் விளங்கவில்லை. பத்திரிகை படிக்கிற பழக்கம் கிடையாது. தம் வாயில் ஏதோ நாற்றம் என்று நினைத்து ஒரு வாரம் ஏலக்காய் மென்றிருக்கிறார்.

உண்மை தெரிந்தது தண்ணீர்ப் பஞ்சத்தில். கதையில் நஞ்சுமீசை நீர்த்தேக்கத்தை மீசையாலேயே உறிஞ்சிக் குடித்துவிட்டிருந்தான். அந்த நேரம் பார்த்து நிஜமாகவே மழை பொய்த்து, ஊரில் முறை வைத்துத் தண்ணீர் விட ஆரம்பித்தார்கள். தேக்கா சந்தை வாசலில் மீன் பையோடு ஏறிய ஒரு அக்கா, டிக்கெட் கிழித்தவரை மேலும் கீழும் பார்த்தார்.

"டிக்கெட் இருக்கட்டும் லா. மொதல்ல தண்ணிய வெளிய விடுங்க."

"எந்தத் தண்ணியம்மா?"

"தெரியாத மாதிரி கேக்குறாரு பாரு." அந்த அக்கா மீனைச் சுற்றியிருந்த எங்கள் இதழை உருவி அவர் கையில் கொடுத்தார். செதிலோடு ஒட்டியிருந்த தம் முகத்தை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார்.

வேறு ஆளாக இருந்தால் மறுநாளே மீசையை எடுத்திருப்பான். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். முடிதிருத்துபவர் இலவசமாகவே செய்வதாகச் சொன்னார். "மீசைய எடுத்தா அவன் நான்தான்னு ஒத்துக்கிட்டதா ஆயிடும்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார் நஞ்சுமீசை.

அதோடு போயிருந்தால் சரி. அவருக்கு ஒரு பெண் பார்த்து நிச்சயம் செய்திருந்தார்கள். பெயர் பாக்கியம், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. தகப்பனார் துறைமுகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. ஒருநாள் பாக்கியம் வகுப்புக்குள் நுழைந்தால் கரும்பலகையில் கொட்டை எழுத்தில் பெரிய ற போட்டு 'திறுமதி நஞ்சுமீசை' என்று எழுதியிருக்கிறது. கிராணியார் அன்று மாலையே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டார்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. ஒன்னு மீசை போவணும், இல்ல அந்தக் கதையில அவன் திருந்தணும். ரெண்டும் நடக்கலைன்னா தை பொறந்ததும் நான் வேற எடம் பாத்துருவேன்."

மறுநாள் வேலை முடிந்த கையோடு, தோல்பை தோளில் தொங்க, நஞ்சுமீசை எங்கள் அச்சகத்துக்குள் நுழைந்தார். ஓவியர் தாள் வெட்டும் எந்திரத்துக்குப் பின்னால் மறைந்துகொண்டார். அச்சுக்கோக்கும் அந்தோணி எழுத்துப் பெட்டியைக் கேடயம் போலப் பிடித்துக்கொண்டார்.

"யாரு இங்க கத எழுதுறது?"

"நான்தாண்ணே" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னைய எப்பத் திருத்தப் போறீங்க?"

எங்கள் ஆசிரியர் தூய தமிழ் அன்பர். தூக்கத்தில்கூட இலக்கணம் பிசகாமல் பேசுவார் என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறார். "ஐயா, வில்லன் திருந்திவிட்டால் படக்கதை படுத்துவிடும். வேண்டுமானால் அடுத்த வாரம் முதல் மீசையைச் சிறிதாக்கிவிடுகிறோம்" என்றார்.

"வேணாங்க. ஊரறியக் கெட்டவனாக்குனீங்க, ஊரறிய நல்லவனாக்குங்க. மீச அப்படியே இருக்கணும். அந்த மூனு பேரோட நாலாவது ஆளா என்னையச் சேக்கணும்."

"இயலாதென்றால்?"

"நீங்க காலையில தேக்காவுலதான பஸ் ஏறுறீங்க? நாளையிலருந்து நான் மணி அடிக்க மாட்டேன். வண்டி நிக்காது."

ஆசிரியர் உடனே, திருந்துதல் தமிழ்ப் பண்பாட்டுக்கு உகந்ததே என்றார்.

நான் எழுதினேன். நஞ்சுமீசை ஓடிவந்து இடிமார்பன் காலில் விழுந்து, கண்ணீர்விட்டு, மன்னிப்புக் கேட்கிறான். எனக்கே கண் கலங்கியது. அச்சுப்படியை வாங்கிப் பார்த்த நிஜ நஞ்சுமீசைக்குக் கலங்கவில்லை.

"இது யாரு காலு?"

"இடிமார்பன் கால்ணே."

"இவன் கால்ல நான் எதுக்கு விழணும்?"

"திருந்துறீங்கல்ல?"

"திருந்துறேன் தம்பி. விழறேன்னு சொன்னேனா? கெட்டவனா இருந்தப்பவே யாரு கால்லயும் விழாதவன், நல்லவனானதுக்கு அப்பறமா விழுவேன்?"

மாற்றி எழுதினேன். மூவரும் கூடிப் பேசி, "ஓராண்டு எங்கள் கோட்டை வாசலில் காவல் நில், பிறகு பார்க்கலாம்" என்கிறார்கள். இதைப் படித்ததும் மீசை துடித்தது.

"வாசல்ல நிக்குறதுன்னா படியில தொங்குறதுதான? நான் யாரையும் படியில விட்டதில்ல, நானும் தொங்க மாட்டேன். அவங்ககிட்ட இப்படிச் சொல்லுன்னு எழுது. எடம் இருந்தா உள்ள ஏத்திக்கங்க. எடம் இல்லைன்னா நீங்க போங்க, நான் நடந்து வந்தே நல்லது செஞ்சுக்கறேன்."

நான் படக்கதை எழுதிய வருடங்களில் அதைப் போல ஒரு வசனம் என் பேனாவில் வந்ததில்லை. ஒரு எழுத்தை மாற்றாமல் அப்படியே போட்டேன். மூன்று மாவீரர்களும் நகர்ந்து உட்கார்ந்து இடம் விடுவது போல ஓவியர் வரைந்தார். அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். மாவீரர்கள் உட்கார்ந்திருந்தது அச்சு அசல் பஸ் இருக்கை. கடைசிப் படத்தில் நஞ்சுமீசை வாய்விட்டுச் சிரிக்கிறான்.

அங்கேதான் மறுபடி மாட்டிக்கொண்டோம். எங்கள் ஆசிரியருக்கு ஹ என்ற எழுத்து ஆகாது. வடவெழுத்து. படத்துக்குக் கீழே வசனத்தை ஈய எழுத்தில் கோப்போம். அந்தோணியின் பெட்டியில் ஹ இருந்ததே ஒரு கைப்பிடிதான். அதுவும் வில்லனுக்காகவும் காசு கொடுத்து வரும் விளம்பரத்துக்காகவும். கெட்டவன் எந்த எழுத்தில் சிரித்தாலும் தமிழுக்கு இழுக்கில்லை என்று 'ஹாஹா'வை நஞ்சுமீசைக்கு மட்டும் விட்டுவைத்திருந்தார். மாவீரர்கள் 'ககா ககா' என்றுதான் சிரிக்க வேண்டும். முந்தின மாதம் ஒரு இதழில் கைதவறி நடுவில் 'க்' கூடிவிட, இடிமார்பன் மலையுச்சியில் இடுப்பில் கைவைத்து 'கக்கா கக்கா' என்று முழங்கிவிட்டான். சிறு பிள்ளைகள் அவசரத்துக்குச் சொல்கிற சொல் அது. பிழை திருத்தியவர் ஆசிரியரேதான். அதனால் நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இப்போது ஆசிரியர் சொன்னார்: "திருந்திவிட்டாரல்லவா? இனி இவரும் 'ககா' என்றே சிரிக்க வேண்டும்."

"என் சிரிப்பு எனக்குப் பொறந்தப்பயே வந்ததுங்க. அத மாத்த முடியாது."

"ஹகரத்துக்கு இடமில்லை."

"அப்ப எனக்கும் எடமில்ல."

இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நல்லவனாவதற்கு இவ்வளவு பிடிவாதம் பிடித்த மனிதரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. அச்சேற்ற வேண்டிய நேரம் நெருங்க, கடைசிப் படத்தின் கீழே வசனம் இல்லாமல் வெறுமையாகக் கிடந்தது.

அந்த நேரத்தில்தான் கிராணியார் மகளையும் அழைத்துக்கொண்டு வந்து நின்றார். மாப்பிள்ளை திருந்திவிட்டாரா என்று அச்சுக்குப் போகும் முன்பே தம் கண்ணால் பார்க்க வேண்டுமாம். நான் அச்சுப்படியைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார்.

"கால்ல விழலையே?" என்றார் ஏமாற்றத்தோடு.

பாக்கியம் அதை வாங்கிப் படித்தார். நஞ்சுமீசை எழுந்து சுவரோரம் நின்றார். பஸ் நிறையக் கூட்டத்தை அதட்டுகிற மனிதருக்கு அன்று கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"விழுந்திருந்தா நான்தான் வேணாம்னு சொல்லியிருப்பேன்பா" என்றார் பாக்கியம். "மீசையும் இருக்கட்டும். பிள்ளைங்க போர்டுல எழுதுனத நான் அழிக்கவே இல்ல. ர-வ சரியா எழுதச் சொல்லித் திருத்தி மட்டும் விட்டேன்."

கிராணியார் கண்ணாடியை மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

"ஆனா கடைசிப் படத்துல வாயத் தொறந்திருக்காரு, கீழ ஒன்னுமே இல்லையே?" என்று பாக்கியம் கேட்டார்.

ஆசிரியர் விளக்கினார். ஒலியியலில் தொடங்கித் தொல்லிலக்கணம் வரைக்கும் போனார். பாக்கியம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஐயா, நானும் தமிழ்தான் சொல்லிக்கொடுக்குறேன். போன மாசம் இடிமார்பன் தமிழ்ல சிரிச்சதுல ரெண்டு நாளு வகுப்புல பாடமே நடக்கல. இவரு சிரிப்ப இவருகிட்டயே விட்டுருங்க."

ஆசிரியர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அந்தோணி, கோத்துவிடு" என்றார், கூரையைப் பார்த்தபடி.

பெட்டியில் இருந்த ஹ அத்தனையும் அந்த ஒரு படத்துக்கே போயிற்று. துணிக்கடை ஹாஜியார் விளம்பரத்தில் ஹ இல்லாமல் 'ஆஜியார்' என்று வந்து, அவர் கோபித்துக்கொண்டு வந்து நின்றது தனிக்கதை.

இதழ் வந்த மறுநாள் தேக்கா நிறுத்தத்தில் அதே மீன் பை அக்கா ஏறினார். "நாலு பேரு ஆயிட்டீங்க போல" என்று சொல்லி டிக்கெட்டை வாங்கிக்கொண்டார். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. நஞ்சுமீசையும் எதிர்பார்க்கவில்லை.

தை மாதத்தில் டேங்க் ரோடு கோயிலில் கல்யாணம். பாக்கியத்தின் வகுப்புப் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு மாப்பிள்ளையின் மீசையையே பார்த்தார்கள். தாலி கட்டி முடித்ததும் ஒரு வாண்டு பந்தலுக்குள் நுழைய மாட்டாமல் வாசல் படியில் நின்றது. நஞ்சுமீசை மாலையும் கழுத்துமாகத் திரும்பினார்.

"ஏய், உள்ள வா, இல்ல கீழ எறங்கு."

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். தம் முகத்தை மீன் செதிலோடு பார்த்த நாளிலிருந்து பயந்து பயந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பு அது. பிள்ளைகள் ஓடவில்லை. அவரைப் போலவே சிரித்துப் பார்த்தார்கள். ஆசிரியரும் சிரித்தார், என் காதால் கேட்டேன், சத்தியமாக அது 'ககா' இல்லை. "இவ்வளவு ஹ-வுக்கு நான் எங்கய்யா போவேன்" என்று அந்தோணி என் காதில் முனகினார்.

நஞ்சுமீசை போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. இப்போது கணினியில் விசையைத் தட்டினால் ஹ எத்தனை வேண்டுமானாலும் வருகிறது; சிரிக்கத்தான் அவர் இல்லை.