ஐந்து சென்டிமீட்டர் சபதம்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் என் காரின் நான்கு டயரும் இந்த நிமிஷமே காற்றுப் போகட்டும். காட்டுப்பன்றி ஒன்று என்னோடு பந்தயம் ஓடி, நான்காவது வளைவில் என்னை முந்திப் போனதாக ஒருதரம் சொன்னேனே, அதை நீங்கள் நம்பாதது உங்கள் இஷ்டம். அதில் கொஞ்சம் உப்புக்காரம் சேர்த்திருந்தேன். இதில் அதுவும் இல்லை.

என் பெயர் வென்டெலின். வயது எழுபத்திரண்டு. ஐஃபெல் மலையில், கார்ப் பந்தயப் பாதைக்குப் பதினொரு கிலோமீட்டர் தள்ளி, ஒரு முட்டுச்சந்தின் கடைசி வீடு என்னுடையது. உள்ளே வரவும் வெளியே போகவும் தெருவுக்கு ஒரே வாய். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

என்னிடம் இரண்டே சீட் உள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. அதை வாங்கிய அன்றே என் மனைவி ரோஸ்விதா ஒரு ஒப்பந்தம் போட்டாள். வாரத்தில் ஆறு நாள் கார் என் இஷ்டம். சனிக்கிழமை மத்தியானம் மட்டும் அது ரோஸ்விதாவை ஏற்றிக்கொண்டு பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கும் அவள் அக்கா இர்ம்கார்ட் வீட்டுக்குப் போக வேண்டும். இதில் இனி ஏற மாட்டேன் என்று ரோஸ்விதா தன் வாயால் சொல்லும் நாள்வரை ஒப்பந்தம் செல்லும்.

இர்ம்கார்ட் வீட்டில் மூன்று மணிக்குக் காபி. மூன்றேகாலுக்கு பிளம் கேக். மூன்றரையிலிருந்து ஆறு வரை இர்ம்கார்டின் பித்தப்பை. அதை டாக்டர்கள் எடுத்தெறிந்து ஒன்பது வருஷம் ஆகிறது. உள்ளே இருந்தபோதுகூட அது அவளை இவ்வளவு படுத்தியிருக்காது. வெளியே வந்தபின் என்னைப் படுத்துகிறது.

அதே சனிக்கிழமை, அதே மூன்று மணிக்கு, பந்தயப் பாதைக்கு எதிரே கார் நிறுத்துமிடத்தில் என்ன நடக்கும் தெரியுமா? ஊர் ஊராக வந்த ஆண்பிள்ளைகள் தங்கள் கார்களின் மூடியைத் திறந்துவைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒருவர் காரை ஒருவர் எட்டிப் பார்த்து "ம்" என்பார்கள். வேறு ஒன்றும் நடக்காது. அந்த "ம்" ஒன்றுக்காக நான் ஏழு வருஷம் ஏங்கினேன்.

போன பிப்ரவரியில் ஒருநாள். ரோஸ்விதா காரிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இன்னும் ஒரு விரல் கீழே இருந்திருந்தால் ராத்திரி சாப்பாட்டைக் காருக்கே கொண்டுவந்து கொடுக்க வேண்டியிருக்கும் என்று முனகினாள்.

என் மண்டைக்குள் விளக்கு எரிந்தது. ஒரு விரல் என்ன, மூன்று விரல் தாழ்த்துகிறேன். அவள் வாயாலேயே ஏற மாட்டேன் என்று சொல்ல வைக்கிறேன். சனிக்கிழமையை மீட்காமல் ஓயமாட்டேன். கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கார் பானெட்டின் மேல் கை வைத்துச் சபதம் போட்டேன். கார் ஆட்சேபிக்கவில்லை.

மறுநாள் மெக்கானிக் ஆலோய்ஸிடம் போனேன். அவன் மேஜைமேல் மூன்று வகை ஸ்பிரிங்குகளை வரிசையாக நிறுத்தினான், கல்யாண மண்டபத்தில் பெண் வீட்டார் பலகாரம் பரப்புவதுபோல.

"இது மூணு சென்டிமீட்டர் எறக்கும். பல்லு ஆடாது," என்றான். "இது அஞ்சு. ரோட்டுல காசு கிடந்தா தலையா பூவான்னு உன் முதுகெலும்பே சொல்லிடும். இது திருகுற வகை. ஸ்பானர் போட்டுத் திருகினா எறங்கும், மாத்தித் திருகினா ஏறும். மனசு மாறினா வண்டியும் மாறும். என்னைக் கேட்டா இதுதான்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இந்த வயதில் மனைவியிடம் சொல்லாமல் ஸ்பிரிங் வாங்கும் தைரியம் எவனுக்கு இருக்கிறது?

ரோஸ்விதா அடுக்களையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். போருக்குத் தயாராகத்தான் போனேன். வளைவுகளில் கார் சாயும் அளவு, புவியீர்ப்பு மையம், பிரேக் போடும்போது மூக்கு குனிவது என்று அரைமணி நேரம் பேசினேன். கடைசியில், எல்லாம் உன் பாதுகாப்புக்குத்தான் என்று முடித்தேன்.

"எனக்காகவா?" என்றாள்.

"வேற யாருக்காக?"

கத்தி முனையால் உருளைக்கிழங்கின் கண்ணைத் தோண்டி எடுத்தாள்.

"எவ்வளவு எறக்கப் போற?"

"மூணு சென்டிமீட்டர்."

"மூணுதானா? மூணு எறக்கினா எவன் கண்ணுக்குத் தெரியும்? செய்யறதுன்னா ஒழுங்கா செய் வென்டெலின். அஞ்சு எறக்கு."

எனக்குக் காது கேட்கவில்லையோ என்று சந்தேகம். தன் இடுப்புக்குத் தானே எதிரியாகிறாளே, பாவம். திருகுகிற வகையைப் பற்றியும் சொன்னேன். அதுதான் நல்லது என்கிறான் ஆலோய்ஸ் என்றேன்.

"அது மனசு மாறுறவங்களுக்கு. நாப்பத்தாறு வருஷமா உன்னைப் பாக்கறேன். நீ ஒண்ணு முடிவு பண்ணா பண்ணதுதான். உனக்கு எதுக்குத் திருகு?"

இந்த வீட்டில் இதற்குமுன் என்னை யாரும் இப்படிப் புகழ்ந்ததில்லை. ரோஸ்விதா கடைசியாக என்னைப் பாராட்டியது பெர்லின் சுவர் விழுவதற்கு முன்னால். என் நெஞ்சு அந்த இடத்திலேயே ஐந்து சென்டிமீட்டர் உயர்ந்தது.

"ஆமா, ஸ்பிரிங் போட்ட உயரத்துலயே நிக்குமா?" என்று கேட்டாள், சும்மா கேட்பதுபோல.

நிற்காது, பத்து நாள் ஓட்டினால் இன்னும் ஒரு சென்டிமீட்டர் உட்காரும் என்றேன். "அப்படியா," என்றவள் செய்தித்தாளின் ஓரத்தில் ஏதோ எழுதினாள். குறுக்கெழுத்துப் போட்டி என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரலில் ஐந்து சென்டிமீட்டர் ஸ்பிரிங் ஏறியது, கூடவே அதற்கேற்ற குட்டை ஷாக் அப்சார்பர்கள். கழற்றிய பழைய ஸ்பிரிங் நான்கையும் இர்ம்கார்ட் தோட்டத்துக்குக் கேட்டாளாம். சந்தோஷமாகக் கொடுத்தனுப்பினேன். என் மனதில் அது பிரிவு உபசாரப் பரிசு.

எங்கள் நாட்டில் ஸ்பிரிங் மாற்றினால் மட்டும் போதாது. சோதனைப் பொறியாளர் பார்த்து, காரின் பத்திரத்தில் ஏற்றி, முத்திரை குத்த வேண்டும். குத்தாத ஸ்பிரிங் ஸ்பிரிங்கே இல்லை. பொறியாளர் பதினொரு சென்டிமீட்டர் உயரக் கட்டை ஒன்றைக் காருக்கு அடியில் தள்ளினார். உரசாமல் போனது. கட்டைக்கும் காருக்கும் நடுவே ஒரு தபால் தலை நுழையலாம், கவர் நுழையாது. முத்திரை விழுந்தது. இனி இந்தக் காருக்குச் சட்டப்படி இந்த ஸ்பிரிங்தான் என்றார். கல்யாணத்தில் பாதிரியார் சொன்ன தொனி.

பத்து நாள் மலையெல்லாம் சுற்றினேன். ஸ்பிரிங் உட்கார்ந்தது. மே மாத முதல் வியாழக்கிழமை ரோஸ்விதாவை வாசலுக்கு அழைத்தேன்.

அவள் உள்ளே போனதை ஏறினாள் என்று சொல்ல முடியாது. கிணற்றில் வாளி இறங்குவதுபோல இறங்கினாள். வெளியே வருவதற்கு ஒரு கையை நான் இழுத்தேன், ஒரு கையை எதிர்வீட்டு ஹூபெர்ட் இழுத்தான். நிமிர்ந்து, மூச்சு வாங்கி, பாவாடையைத் தட்டிவிட்டு, ஹூபெர்ட்டைச் சாட்சி வைத்துக்கொண்டு அவளே சொன்னாள்:

"இனிமே இதுல நான் ஏற மாட்டேன். சனிக்கிழமை உன்னுது, வென்டெலின்."

அனுதாபமாக முகத்தை வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை முழுதும் கராஜுக்குள் கார் துடைத்தேன். தெருமுனையில் ஏதோ இயந்திரம் உறுமியது. தார் வாசனை வந்தது. நகராட்சிக்கும் என் சனிக்கிழமை விஷயம் தெரிந்து ரோட்டைச் சீராக்குகிறது என்று நினைத்து விசிலடித்தேன்.

சனிக்கிழமை இரண்டு மணி. தெருவே துடைப்பமும் கையுமாக அவரவர் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை பெருக்காத வீட்டுக்கு எங்கள் ஊரில் மரியாதை கிடையாது. ராஜா ஊர்வலம் போகிறமாதிரி அவர்கள் நடுவே இறங்கி வந்தேன். தெருவின் வாய்க்கு வந்ததும் பிரேக்கை மிதித்தேன்.

ரோட்டுக்குக் குறுக்கே, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை, காட்டுப்பன்றி ஒன்று படுத்துத் தூங்குவதுபோல ஒரு வேகத்தடை. புத்தம் புதுசு. வெள்ளைக் கோடு காயக்கூட இல்லை.

ஹூபெர்ட் துடைப்பத்தின் மேல் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தான். இது எப்போது முளைத்தது என்று கேட்டேன்.

"நேத்து. எல்லாம் உன் புண்ணியம்."

"என் புண்ணியமா?"

"நீதானே மனுப் போட்ட. முதல் கையெழுத்தே உன்னுது."

ஞாபகம் வந்தது. இரண்டு கோடைக்கு முன்னால், இதே ஹூபெர்ட் எழுபத்தொரு வயதில் வாங்கிய மோட்டார் சைக்கிளின் சத்தம் பொறுக்காமல், தெருமுனையில் வேகத்தடை கேட்டு நகராட்சிக்கு மனுப் போட்டோம். எழுதியவள் ரோஸ்விதா. எட்டு சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தாள். எட்டெல்லாம் இவனுக்குப் போதாது என்று பேனாவைப் பிடுங்கி, எட்டை அடித்து, பன்னிரண்டு என்று என் கையாலேயே எழுதி, பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் போட்டேன். எங்கள் நகராட்சி மெதுவாகப் படிக்கும். ஆனால் அடித்தல் திருத்தல் உட்பட அப்படியே செய்யும்.

நான் விடுவேனா? வீட்டுக்கு ஓடி இரண்டு பலகை கொண்டுவந்தேன். வேகத்தடையின் இந்தப் பக்கம் சரிவாக வைத்தேன். மெதுவாக ஏற்றினேன். மூக்கு உயர்ந்தது. வானம் தெரிந்தது. முன்சக்கரம் தாண்டியது. பிறகு காரின் வயிற்றில் ஒரு பெருமூச்சு, கார் அப்படியே உட்கார்ந்துவிட்டது. நான்கு சக்கரமும் அந்தரத்தில். சத்தியம் பண்ணித்தானே ஆரம்பித்தேன்? நான் முன்னால் சாய்ந்தால் கார் குனிந்து வணக்கம் சொன்னது, பின்னால் சாய்ந்தால் நிமிர்ந்து பதில் வணக்கம் வாங்கியது. தெருவே துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வந்தது. ஆறு பேர் சேர்ந்து பின்னால் இழுத்து ஓரம் கட்டினார்கள். ஹூபெர்ட் உதவிவிட்டு, மோட்டார் சைக்கிளைக் கிளப்பி, அந்தப் பன்னிரண்டு சென்டிமீட்டரைத் துள்ளித் தாண்டிப் போனான். அவனுக்கு அது பிடித்திருந்தது. திரும்பி வந்து இன்னொரு தடவை தாண்டினான்.

அப்போதுதான் ரோஸ்விதா கடைக்குப் போகிற தன் பச்சை நிறக் குட்டிக் காரில் மெதுவாக இறங்கி வந்தாள். பக்கத்து சீட்டில் கேக் டப்பா. கண்ணாடியை இறக்கினாள்.

"என்ன, போகலையா?"

"உனக்குத் தெரியுமா இது வரப்போகுதுன்னு?"

"பிப்ரவரியிலயே கடுதாசி வந்துதே. ஆபீஸ் கடுதாசி எல்லாம் நீயே பாத்துக்கோன்னு நீதான் சொல்லியிருக்க."

"மூணு எறக்கியிருந்தா தாண்டியிருக்கும், ரோஸ்விதா."

"ஆமா," என்றாள். "அதான் அஞ்சுன்னு சொன்னேன்."

நான் பலகைகளைப் பொறுக்கினேன். அவள் சீட் பெல்ட்டைக் கழற்றினாள்.

"ஒப்பந்தம் உன் காரைப் பத்தினது. அது முடிஞ்சு போச்சு, நான் வாக்கு மாறல. ஆனா உன் கார் இன்னைக்கு எங்கயும் போகல. நீ சும்மாதானே நிக்கற? என் இடுப்புக்கு மலை ரோடு ஓட்ட முடியாது. இந்தப் பக்கம் வந்து உக்காரு."

போகிற வழியில் பத்துக் கிலோமீட்டரும் வழி தேடினேன். பழையபடி உயர்த்த ஆலோய்ஸ் பட்டறைக்குப் போக வேண்டும், பிறகு மறுபடி முத்திரை வேண்டும். முத்திரைக்குப் பொறியாளரிடம் போக வேண்டும். பட்டறைக்கோ பொறியாளரிடமோ போக வேகத்தடையைத் தாண்ட வேண்டும். வேகத்தடையைத் தாண்ட உயர்த்த வேண்டும். திருகுகிற வகையாக இருந்திருந்தால் கராஜிலேயே நாலு திருகு திருகி முடித்திருப்பேன். ஆனால் நான்தான் மனசு மாறாதவன் ஆயிற்றே.

பழைய ஸ்பிரிங்குகளையாவது கேட்டு வாங்கலாம் என்று இர்ம்கார்ட் தோட்டத்துக்குப் போனேன். நான்கும் சிமெண்டில் புதைந்து நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ஜெரேனியம் பூந்தொட்டி. காற்றடித்தபோது நான்கும் ஒன்றாகத் தலையாட்டின. அசையும்போது சாய்வே இல்லை. நல்ல ஸ்பிரிங். உள்ளேயிருந்து காபி வாசனை வந்தது. மணி மூன்றரை. இர்ம்கார்ட் தன் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து, "வென்டெலின், உக்காரு, உன்கிட்ட நான் இதைச் சொல்லியிருக்கேனா தெரியல," என்று தொடங்கினாள்.

அவ்வளவுதான் கதை. ஒரே ஒரு உதவி கேட்கிறேன். இதை யார் சொன்னது என்று யாரிடமும் வாயைத் திறக்காதீர்கள், முக்கியமாகப் பந்தயப் பாதைக்கு எதிரே அந்தக் கார் நிறுத்துமிடத்தில். வார நாட்களிலும் என் காரைக் காணாமல், அங்கே எல்லோரும் நான் செத்துப்போய்விட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்களாம். அப்படியே இருக்கட்டும், அது இதைவிடக் கௌரவம்.