மச்சினனை மறைத்த எக்ஸ்டென்ஷன்

இனி என் மனைவியை அழ விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். எனக்கு லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற வேலை. நடுவில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களை இறக்கிவிட்டுப் பழகிய கை இது. வீட்டில் ஒருத்தி துக்கத்தில் மாட்டிக்கொண்டு கிடக்கும்போது சும்மா இருக்குமா?

அவளுடைய தம்பி போன வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான், திரும்பி வரவில்லை. சொந்தபந்தம் எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியாது. அவள் அதன் முன்னால் போய் உட்கார்ந்து நண்பர்கள் பக்கத்தைத் திறந்தால் போதும், ‘இவரோடு பேசி வெகுநாள் ஆகிறதே, ஒரு வணக்கம் சொல்லுங்களேன்’ என்று அவன் முகத்தைக் கொண்டுவந்து நீட்டும். பிறந்தநாளன்று கேக் படம் வேறு. அன்றைக்கு அவளுக்குச் சோறு தொண்டையில் இறங்காது. எனக்கு இறங்கும். அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது.

எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்காரரிடம் புலம்பினேன். அவர்தான் அந்த எக்ஸ்டென்ஷனைச் சொன்னார். பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் சின்ன சமாச்சாரமாம். தெரிந்தவர்களை எல்லாம் நம் இஷ்டத்துக்குப் பெட்டி பெட்டியாகப் பிரித்து வைக்கலாமாம், வேண்டாதவரை மறைக்கலாமாம். யாரை எங்கே வைத்தோம் என்பது நம் கம்ப்யூட்டரைத் தாண்டாது, வெளியே ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

அவள் பல் டாக்டரிடம் ரிசப்ஷன் வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துப் போட்டேன். ‘லைக் போட்டே ஆகவேண்டியவர்கள்’ என்று ஒரு பெட்டி. என் மேனேஜரை அதில் உட்கார வைத்தேன். ‘பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்க வேண்டியவர்கள்’ என்று இன்னொன்று; என் பெரியப்பா வகையறா மொத்தமும் அதில். கடைசியாக மறைக்கிற பெட்டி. மச்சினனின் சிரித்த முகத்தை மவுசால் பிடித்து இழுக்கும்போது கை வரவில்லை. மன்னிச்சுக்கடா என்று சொல்லிவிட்டுப் போட்டேன்.

பலன் உடனே தெரிந்தது. சாயங்காலம் வந்து உட்கார்ந்தாள். யாரோ ஒருவர் வீட்டுப் பூனையைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடி முன்னால் நின்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனால் ஒரு கஷ்டம். எனக்கும் அவன் வேண்டியிருந்தது. அவள் என்னைத் திட்டும்போதெல்லாம் என் பக்கம் பேச இருந்த ஒரே ஆள் அவன். அதனால் அவள் இல்லாதபோது பெட்டியைத் திறப்பேன், அவனைப் பார்ப்பேன், திரும்ப மூடிவிடுவேன். போன வாரம் லீவு போட்டிருந்த அன்று ஒரு போட்டோ அகப்பட்டது. சலூன் செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று அவன் எனக்கு முடி வெட்டிவிட்ட நாள். ஒரு பக்கம் முடி இருக்கிறது, ஒரு பக்கம் இல்லை. பின்னால் இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பார்த்துச் சிரித்தேன். அப்புறம் அழுதுவிட்டேன். பழக்கதோஷத்தில் ஒரு ஹார்ட்டையும் அழுத்திவிட்டு, அவனை மறைத்து, முகம் கழுவினேன்.

சாயங்காலம் வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை.

“மத்தியானம் அழுதீங்களா?”

“நானா? வெங்காயம் நறுக்கினேன்.”

“வீட்ல வெங்காயம் தீர்ந்து போச்சுங்க.”

போனை நீட்டினாள். போட்டோவில் அவளும் இருக்கிறாள் அல்லவா, நான் ஹார்ட் போட்ட செய்தி அவளுக்குப் போயிருந்தது. எக்ஸ்டென்ஷன் வாயைத் திறக்கவில்லை. காட்டிக்கொடுத்தது என் விரல்தான்.

“அவனை உன் கண்ணுல படாம மறைச்சு வெச்சிருந்தேன்” என்றேன்.

“தெரியும். கம்ப்யூட்டர்லதானே மறைச்சீங்க? போன்ல தினம் வர்றான்.”

“அப்புறம் ஏன் சொல்லலை?”

“அன்னைக்கு நான் சாப்பிட்டதைப் பார்த்து உங்க முகம் எப்படி இருந்துச்சு தெரியுமா? அதைக் கெடுக்க மனசு வரலை. அதுக்காகத்தான் சிரிச்சேன்.”

பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் போட்டோவைப் பெரிதாக்கினாள். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. அவளுக்கும்தான்.

“இனிமே ரெண்டு பேரும் இங்கேயே அழுதுக்கலாங்க” என்று முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். “பல் டாக்டர்கிட்ட ரிசப்ஷன்ல உட்கார்ந்து நான் அழுதா, பல் பிடுங்க வந்தவங்க எல்லாம் பயந்து எழுந்து போயிடறாங்க. டாக்டர் முறைக்கிறாரு.”

ஆக, என் சாமர்த்தியத்தால் நடந்தது இவ்வளவுதான்: வீட்டில் அழுதுகொண்டிருந்தவளை வேலைக்குப் போய் அழ வைத்திருக்கிறேன்.