காத்தவராயன் பொறுக்கிய மரம்

“வலப்பக்கம் சாய்டா மண்ணாங்கட்டி! சாய்டான்னா!”

காத்தவராயன் கத்தி முடிப்பதற்குள் புதுக் கட்டுமரம் அவனையும் கூட்டாளியையும் கடலில் கொட்டிவிட்டது. எத்தனையாவது முழுக்கு என்று எண்ணுவதை மண்ணாங்கட்டி எப்போதோ விட்டுவிட்டான்.

கரையில் நின்றிருந்த நாராயணசாமி, காத்தவராயனின் மனைவி வீராயிக்கு அண்ணன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“மாப்ளே! மீன் புடிக்கப் போறியா, மீனோட குடித்தனம் பண்ணப் போறியா?”

“மரம் பழகுது மச்சான்! பந்தயத்தன்னிக்குப் பேசு!”

மரம் பார்த்து எடுப்பதில் வைத்திக்குப்பத்திலேயே தன்னை விட்டால் ஆளில்லை என்பது காத்தவராயனின் கட்சி. பழைய மரத்தைத் தள்ளிவிட்டு, மலையாளத்து மரங்களாகத் தட்டிப் பார்த்து, தூக்கிப் பார்த்து, தானே பொறுக்கி வாங்கியிருந்தான். “ஒல்லி மரம். தண்ணியைக் கிழிச்சிகிட்டுப் போவும். துடுப்பைக் காட்டினாலே போதும்” என்று ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருந்தான். மாசி மகத்துக்கு மறுநாள் நாராயணசாமியோடு பந்தயம். தோற்றால் அப்புறம் குப்பத்தில் வாயைத் திறக்க முடியாது.

ஒல்லியாக இருப்பதால்தானே உருளுகிறது? பக்கத்தில் இன்னொரு மரத்தைச் சேர்த்தான். உருளுவது நின்றது, ஓடுவதும் நின்றது. அகலத்தில் நாராயணசாமியின் மரத்துக்கு அண்ணன் தம்பி மாதிரி ஆகிவிட்டது.

மூக்கு கனம் என்று வாச்சியால் முன்பக்கத்தைச் செதுக்கினான். அன்று முதல் மரம் எந்தப் பக்கம் துடுப்புப் போட்டாலும் இடப்பக்கமே போயிற்று.

“சுறா எண்ணெய் தடவினா வழுக்கிகிட்டு ஓடும்” என்றான்.

“வேணாம்ண்ணே” என்றான் மண்ணாங்கட்டி.

தடவினான். ஊற ஊறத் தடவினான். மரம் ஓடவில்லை; மேலே மண்டி போட்டவர்கள் வழுக்கிக்கொண்டு ஓடினார்கள். இத்தனை முழுக்கில் காத்தவராயனுக்குச் சளி பிடித்து மூக்கு இரண்டும் அடைத்துக்கொண்டது.

பந்தய நாள் விடிந்தது. நடுவர், சைகோனில் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தா கலியபெருமாள். பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷமாகியும் அவர் விசில் மட்டும் இறங்கவில்லை.

கடலிலிருந்து வந்ததும் கட்டுக் கயிற்றை அவிழ்த்து மரங்களை மணலில் காயப்போடுவதும், போகும்போது திரும்பக் கட்டுவதும் வழக்கம். சொல்தா அதற்கும் ஒரு சட்டம் போட்டார்.

“ரெண்டு பேர் மரத்தையும் ஒரே ஆள் கட்டணும். முடிச்சு சரியில்லன்னு அப்புறம் எவனும் பேசக் கூடாது. எகாலித்தே! எல்லாரும் சமம்!”

பொய் பேசத் தெரியாதவன் என்று பேர் வாங்கிய மண்ணாங்கட்டியை இரு தரப்பும் ஒப்புக்கொண்டது.

வீராயி கொடுத்த சுக்குக் கஷாயத்தைக் குடித்துவிட்டுக் காத்தவராயன் வந்தபோது, இரண்டு மரங்களும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மூக்கு மறைய வேப்பிலை செருகி, அலையோரம் தயாராக நின்றன. மண்ணாங்கட்டி ஏற்கெனவே ஒன்றில் உட்கார்ந்திருந்தான். காத்தவராயன் ஏறினான். அசையவில்லை! துடுப்பை ஒரு இழுப்பு இழுத்தான். அம்பு மாதிரி நகர்ந்தது.

மார்பு விரிந்தது. “மச்சான்! தோத்தவன் மரத்தைப் பொளந்து, அந்த வெறகுலயே கொழம்பு வச்சு ஊருக்குச் சோறு போடணும். சரியா?”

“அண்ணே, அண்ணே...” என்று மண்ணாங்கட்டி பதறினான்.

“நீ வாயை மூடு. சரியா மச்சான்?”

“சரி மாப்ளே!”

“அன், தெ, த்ருவா!” விசில் கிழிந்தது.

பந்தய எல்லையான, கடலுக்குள் இடிந்து நின்ற பாலத்துக் கம்பங்களைக் காத்தவராயன் சுற்றித் திரும்பும்போது நாராயணசாமி தண்ணீரில் கிடந்தான். ஏறினான், வழுக்கி மறுபடியும் விழுந்தான். பிறகு தன் உள்ளங்கையை மோந்து பார்த்தான். காத்தவராயனின் மரத்தை ஒரு தரம் பார்த்தான். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே, ஏதோ காற்று வாங்க வந்தவன்போலத் துடுப்புப் போட ஆரம்பித்தான்.

‘பாவம், அவமானத்துல மூளை கலங்கிட்டுது’ என்று காத்தவராயன் இரங்கினான்.

ஜெயித்து வந்தவனைக் கரையில் தோளில் தூக்கினார்கள். வீராயிக்கும் முகமெல்லாம் பல். நாராயணசாமி கோடாலியோடு தானே முன்வந்து மரத்தைப் பிளந்தான்.

“மனசு கஷ்டப்படாதே மச்சான்.”

“எனக்கென்னா மாப்ளே கஷ்டம்? இன்னும் சின்னதா பொளக்கட்டுமா?”

அடுப்பு மூட்டியதும் தீ ஆளுயரம் எழும்பியது. நனைந்த மரம் இப்படி எரிந்து யாரும் பார்த்ததில்லை. மாலை கழுத்தில் புரள, காத்தவராயன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தான்.

“பாத்தீங்களாய்யா! மச்சான் மரம் அடுப்புக்குத்தான் லாயக்கு. மரம் பொறுக்கத் தெரியணும்! என்னாடா மண்ணாங்கட்டி, நான் சொல்றது?”

மண்ணாங்கட்டி இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டான்.

“உனக்கு மூக்கு அடைச்சிருக்குதுண்ணே, அதான் தெரியல... அடுப்புல சுறா எண்ணெய் வாசனை ஊரையே தூக்குது. இன்னொரு தரம் முழுக முடியாம, காலையில ரெண்டு பேர் மரத்தையும் மாத்திக் கட்டினது நான்தான்.”