ஊசல் சொன்ன ஊசி

"சுத்துது! சுத்துது!"

மூன்றாம் மாடியிலிருந்து கூச்சல். படிக்கட்டில் காத்திருந்த நாங்கள் அத்தனை பேரும் அவசரமாக நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டோம். உள்ளே யாருக்கோ பிள்ளை நிச்சயமாகிவிட்டது. கரு இன்னும் உருவாகவில்லை, அதனாலென்ன?

நீஷ் நகரத்தில் மாஸ்டர் ராடிசாவைத் தெரியாதவர் கிடையாது. முன்பு பித்தளைக் குண்டை நூலில் தொங்கவிட்டுக் கிணற்றுக்கு இடம் பார்த்தவர். ஊருக்குக் குழாய் வந்தது. குண்டு, பெண்களின் ஹார்மோன் ஊசிப் பெட்டிகளுக்குக் குடிபெயர்ந்தது. வட்டமாகச் சுற்றினால் பிள்ளை. இப்படியும் அப்படியும் ஆடினால் இல்லை.

நான் ருஜிட்சா. பள்ளியில் பௌதிகம் நடத்துகிறேன். ஆமாம், ஊசல் பாடமும்தான். சிரித்துக்கொள்ளுங்கள்.

சோதனைக்குழாய்க் குழந்தைச் சிகிச்சையில் இரண்டு ஊசி முறைகள் உண்டென்று டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். நீண்ட முறையில் சினைப்பையை முதலில் தூங்கவைத்துப் பிறகு எழுப்புவார்கள். குறுகிய முறையில் நேரே தூண்டிவிட்டு, முட்டை முந்திக்கொண்டு வெளியேறாமல் நடுவில் தடுப்பார்கள். "உங்க சினைப்பை சட்டுனு வீங்கிடும். குறுகிய முறைதான் பத்திரம்" என்றார். அரசு செலவில் எனக்கு இதுவே கடைசி முயற்சி. முதல் ஊசியை அன்று மாலையே போட்டாக வேண்டும்.

ஆனால் பக்கத்து வீட்டு ஸோரிட்சாவுக்கு நீண்ட முறையில் இரட்டைக் குழந்தை! மிச்சமிருந்த தன் ஊசிப் பெட்டியையும் கொடுத்திருந்தாள். படித்தவள் என்ன செய்வாள்? இரண்டு பெட்டிகளையும் குளிர்பையில் போட்டுக்கொண்டு ஊசலிடம் ஓடினேன். துணைக்கு என் நாத்தனார் நெவென்கா.

வாசலில் காலணியைக் கழற்றி, விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த கம்பளிக் காலுறைகளை மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். டாக்டர் கொடுத்த பெட்டிமேல் குண்டு சோம்பலாக ஆடியது. ஸோரிட்சாவின் பெட்டிமேல் ராட்டினமாகச் சுழன்றது.

"நீண்ட முறைதாம்மா! டாக்டர் ஊசியைத் தூக்கிப் போடு!"

எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "பாத்தியா நெவென்கா?"

"பாத்தேன் அண்ணி. இன்னொரு வாட்டி பாப்போம். நீங்க சுவத்தைப் பாத்து நில்லுங்க. மாஸ்டர், நீங்க கண்ணை மூடிக்குங்க."

வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைபோல நின்றேன். பின்னால் அவள் காலுறைகளைக் கழற்றி, கைப்பையிலிருந்து ஒவ்வொன்றிலும் எதையோ திணித்து முடிச்சுப் போடும் சத்தம் கேட்டது.

"மாஸ்டர், இப்போ எதுல பிள்ளை?"

மாஸ்டர் இரண்டு முறை தொண்டையைக் கனைத்தார். கடைசியில், "இடது பக்கத்துல" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். இடது காலுறையிலிருந்து நாய்க்குக் கொடுக்கும் பூச்சி மாத்திரை வந்தது.

"அண்ணி, உங்களுக்கு நாய்க்குட்டி பொறக்கப்போகுது!"

"வலதுதான்! நூல் சிக்கிக்கிச்சு!" என்று பதறினார் மாஸ்டர்.

வலதிலிருந்து கறுப்பு ஷூ பாலிஷ் டப்பா வந்தது. வாசலில் நின்ற கூட்டம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது. பிறகு ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "அந்த மாத்திரை எந்தக் கடையிலக்கா கிடைக்கும்?" சத்தியமாகக் கேலிக்குக் கேட்கவில்லை.

நான் டாக்டரின் பெட்டியை மட்டும் எடுத்துக் குளிர்பையில் வைத்தேன். கோபம் பொங்கியது. யார்மேல் என்று கேட்காதீர்கள்.

"அப்போ ஸோரிட்சா பெட்டிமேல மட்டும் எப்படிய்யா அப்படிச் சுத்துச்சு?"

மாஸ்டர் நூலைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டார்.

"உங்க கண்ணு அந்தப் பெட்டியை விட்டு நகரவே இல்லையே டீச்சரம்மா. நீங்க முடிவு பண்ணிட்டு வந்ததைத்தான் நான் சுத்திக் காட்டினேன்."