சம்பந்தி கொடுத்த பூனைக்குட்டி

ஆரம்பாக்கத்துப் பக்கம் நெடுஞ்சாலை டீக்கடை வாசலில், முகப்பவுடர் பூசிய தெருப்பூனைக் குட்டியைப் பாரசீகப் பூனை என்று நம்பி வாங்கியவன் நான். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை, பொன்னேரியில் எங்கள் தெருவுக்கே தெரியும். விற்றவன் கடைசி வரை ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. "இதோட அம்மா எங்கப்பா?" என்று கேட்டேன். "ரெஸ்ட்ல கீது சார்" என்றான். பிள்ளை பெற்ற உடம்பு, ஓய்வு வேண்டாமா என்று எனக்கும் நியாயமாகவே பட்டது.

அடுத்த வாரம் குட்டி குளியலறை வாளியில் விழுந்தது. பவுடரும் ஹேர் டிரையரும் சேர்ந்து கட்டியெழுப்பிய பாரசீகம் அந்தத் தண்ணீரோடு போயிற்று. வெளியே வந்தது, முதுகில் கோடும் கயிறு மாதிரி வாலும் கொண்ட, மீன் மார்க்கெட்டிலேயே பிறந்து வளர்ந்த முகமுள்ள ஒரு ஜீவன். அதற்குள் நான் சுல்தான் என்று பெயர் வேறு வைத்திருந்தேன். மனைவி துண்டால் அதைத் துடைத்துக்கொண்டே, "ஒரே முழுக்குல ராஜ்யம் போச்சே சுல்தானு" என்றாள். பேச்சு சுல்தானிடம், பார்வை என்மேல். அதுதான் வலித்தது.

மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து மனைவிக்கு மடியில் வைத்துக்கொள்ள ஒரு பூனை வேண்டியிருந்தது. சுல்தானுக்கு மடி பிடிக்காது, என் செருப்புதான் பிடிக்கும். ஆகவே இன்னொரு முறை முயலுவதென்று முடிவானது. இந்த முறையும் ஏமாந்து வந்தால் கொத்தமல்லி வாங்கும் பொறுப்புகூட என் கையை விட்டுப் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். நல்ல வளர்ப்பாளரைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கிடைத்ததையெல்லாம் படித்தேன். தாய்ப்பூனையைக் கண்ணால் பார்க்க வேண்டும், தடுப்பூசி அட்டையைக் கேட்க வேண்டும், பால் மறக்காத குட்டியைத் தருகிறவனிடம் வாங்கவே கூடாது. கேள்விகளைப் பரீட்சைக்குப் போகிறவன் போல மனப்பாடம் செய்துகொண்டு லைட்ஹவுஸ் குப்பத்துக்கு பஸ் ஏறினேன், சம்பந்தியைப் பார்க்க.

பழவேற்காட்டு ஏரியைச் சுற்றி சம்பந்தியைப் போல நாணயமான பூனை வியாபாரி கிடையாது. காரணம் எளிது, அவர் வியாபாரமே செய்யமாட்டார். குட்டி கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் அவருக்கு முழுநேரத் தொழில், மிச்ச நேரத்தில் மீன் பிடிப்பார். அவருடைய சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை, குப்பத்தில் யாரும் சொன்னதுமில்லை. தன்னிடம் குட்டி வாங்கியவர்களை அவர் "சம்பந்தி" என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பெயர் திரும்பி வந்து அவர்மேலேயே ஒட்டிக்கொண்டது. வெளிநாடு போன அவர் மகள் விட்டுச்சென்ற ஜோடிப் பூனைகளில் ஆரம்பித்தது இந்த வம்சம். ஆண் பூனை கலெக்டர், பெண் பூனை மகாராணி.

பாரசீகப் பூனை வளர்க்க உலகத்திலேயே பொருந்தாத இடத்தை ஒருவர் தேடினால் அது லைட்ஹவுஸ் குப்பமாகத்தான் இருக்கும். தெருவெல்லாம் நெத்திலி காய்கிறது. சம்பந்தியின் பூனைகளோ உப்பு தொடக்கூடாத பூனைகள். வீட்டின் முன்பக்கம் முழுக்கப் பழைய வலையால் அடைத்திருந்தார். உள்ளே ஐஸ் பெட்டி மூடிமேல் மகாராணி வெயிலுக்குச் சுகமாகப் படுத்துக்கொண்டு, கருவாட்டு வாசனையை மூக்கால் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நான் போனபோது அவர் எதிர்வீட்டுப் பெண்மணியோடு வாதாடிக்கொண்டிருந்தார்.

"அத்த அந்தாண்ட தள்ளிக் காய போடு. உப்பு ஒத்துக்காது, கிட்னி பூடும்."

"எங்கூட்டு புள்ளிங்கல்லாம் இத்ததான் துன்னுது நைனா. அதுங்களுக்கு கிட்னி இல்லியா?"

"உன் புள்ளிங்க மூஞ்சி சப்பையாவா கீது? சாதா மூஞ்சி. தாங்கும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். நான் தொண்டையைக் கனைத்து, தாய்ப்பூனையைப் பற்றிய முதல் கேள்வியை எடுத்தேன்.

"குந்து சார்" என்றார். குந்தினேன். சிக்கு விழுந்த வலைத்துண்டு ஒன்றை என் மடியில் போட்டார். "இத்த எடு, பேசிகினே எடு."

நான் தடுப்பூசிக்கு வருவதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். ஊட்ல யார் யார் கீறாங்க, வெளியூர் போனா யாராண்ட வுடுவே, மாடி கீதா, மாடிக்கு கம்பி கீதா, கோவக்காரனா நீ. என் மனப்பாடக் கேள்விகளில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. என் விரல்கள் வலைக்குள் போய்விட்டிருந்தன.

அந்த வலைதான் அவருடைய பரீட்சை என்பது மெல்லத்தான் புரிந்தது. பாரசீகப் பூனையின் முடி தினமும் சிக்கு விழும். உட்கார்ந்து பிரித்துவிடப் பொறுமை வேண்டும். "கத்தி எங்கன்னு கேட்டான்னு வையி, அப்பிடியே பஸ்ஸாண்ட அனுப்பிடுவேன். வலையில கத்தி வைக்கிறவன் என் பொண்ணு முடியில கத்திரி வைப்பான்." அதற்கு முந்தின நாள் காரில் வந்த ஒருவர் அப்படித்தான் திரும்பிப் போனாராம்.

நான் கத்தி கேட்கவில்லை. அது பொறுமையால் அல்ல. அதற்குள் வலை என் சட்டைப் பொத்தானில் ஏறி, மூக்குக்கண்ணாடியைப் பிடித்திருந்தது. கையை எடுக்க முடிந்தால்தானே கத்தி கேட்க. எதிர்வீட்டுப் பெண்மணி வந்து, "பெரிய மீனா மாட்டிகினு கீதே நைனா" என்று சிரித்துக்கொண்டே என்னை விடுவித்தார்.

சம்பந்தி யோசித்தார். "பொறும கீது. வெரலுதான் இல்ல. ஞாயித்துக்கெயம வரேன் சார், ஊட்ட பாக்கணும்."

கேட்காமலேயே மகாராணியையும் காட்டினார், தடுப்பூசி அட்டைகளையும் காட்டினார். ஆனால் "சார்" என்றார். தேறவில்லை என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை மூடிபோட்ட கூடையோடு வந்தார். கூடைக்குள் அசைவு தெரிந்தது, மூடி திறக்கவில்லை. மனைவிக்குக் கண் அதன்மேலேயே இருந்தது. சம்பந்தி பால்கனிக் கம்பிக்கு நடுவே முஷ்டியை விட்டுப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். சமையலறையில் உப்பு ஜாடி எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்றும் பார்த்தார்.

நான் காலையிலேயே சுல்தானைக் குளியலறையில் வைத்துப் பூட்டிவிட்டிருந்தேன். உயர்ந்த வம்சத்தில் பெண் எடுக்கும்போது இப்படியொரு பிள்ளை வீட்டில் இருப்பதை யார் காட்டுவார்கள்? தவிர, ஹெல்மெட்காரனிடம் ஏமாந்த கதை தெரிந்தால், பூனைக்கும் முகப்பவுடருக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கு இவர் குட்டி தருவாரா?

குளியலறைக் கதவை உள்ளிருந்து யாரோ பிராண்டினார்கள்.

"இன்னா சார் அது?"

"குழாய்" என்றேன்.

குழாய் மியாவ் என்றது.

சம்பந்தியே போய்க் கதவைத் திறந்தார். சுல்தான் வந்தான். வாளிப் பழக்கம் விடாததால் பாதி நனைந்திருந்தான். நேராக என் செருப்பின்மேல் போய் உட்கார்ந்தான். சம்பந்தி தூக்கினார். காதைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், வாலைத் தூக்கியும் பார்த்தார்.

"ஆப்ரேசன் பண்ட்டியா?"

"பண்ணிட்டேன்."

"எங்க புட்ச்சே இவன?"

வேறு வழியில்லை. டீக்கடை, பவுடர், ஓய்வில் இருந்த அம்மா எல்லாவற்றையும் சொன்னேன். கதை முடியும்வரை அவர் சிரிக்கவே இல்லை.

"சாயம் வெளுத்த பொறவு ஏன் வச்சிகினே? கொண்டுபோயி மார்க்கெட்ல வுட்டுகினு வந்துருக்கலாமே."

"அதுக்குள்ள பேர் வெச்சுட்டேன்" என்றேன்.

மனைவி குறுக்கே வந்தாள். "தினம் இவருதாங்க அவனுக்குக் கிழங்கான் மீன முள்ளெடுத்துப் போடறாரு. எனக்கு வெக்கும்போது முள்ளோடதான் வெப்பாரு."

சம்பந்தி சுல்தானைக் கீழே விட்டார். கூடையை மனைவியின் மடியில் வைத்து மூடியை எடுத்தார். உள்ளே வெள்ளைப் பஞ்சும் இரண்டு கண்களும் இருந்தன. "மகாராணி பொண்ணு" என்றார். குட்டியின் நெற்றி முடியை ஒருமுறை விரலால் பிரித்துவிட்டார். "தெனம் சிக்கு எடுக்கணும். கத்திரி எடுக்கக் கூடாது. பாத்துக்க, சம்பந்தி."

இப்போதும் மாதம் தவறாமல் வருகிறார். கிழங்கான் கொண்டுவருகிறார், உப்பில்லாமல் அவிக்கச் சொல்கிறார். நான் சௌக்கியமா என்று அவர் இதுவரை கேட்டதில்லை. போன புயலின்போது, குப்பமே படகுகளை மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில், போன் செய்தார். காற்றுச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. "இடி இடிக்கிதே, கொயந்த பயப்படுதா?" என்று கேட்டார். தன் படகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இல்லை, தூங்குகிறது என்றேன். "சரி சம்பந்தி" என்று வைத்துவிட்டார். அன்று இரவு முழுக்க நான்தான் அந்தப் படகை நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் நானே போன் செய்து, படகு பத்திரம் என்று கேட்டபிறகுதான் காபி இறங்கியது.

காபி தந்த தெம்பில் மனைவியிடம் சொன்னேன், "கார் வெச்சிருக்கவனுக்கே குட்டி குடுக்காத மனுஷன், என்ன நம்பிக் குடுத்தார் பாரு."

குட்டியின் வயிற்று முடியில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"உங்கள நம்பி எங்க குடுத்தாரு? சுல்தான நம்பித்தான குடுத்தாரு."