மெழுகில் திருத்திய மூக்கு

பள்ளிப்பட்டில் நெல்லும் கரும்பும் சூழ வாழ்ந்துவரும் என் தாய்மாமா திரு. சடையப்பன் அவர்களின் சமூகத்துக்கு, கும்மிடிப்பூண்டியில் புகைக்கு நடுவே காலந்தள்ளும் மருமகன் குணா வணங்கி எழுதுவது. இங்கே அம்மாவும் தங்கை ஜோதிலட்சுமியும் சுகம். அங்கே அத்தைக்கும் மாடு கன்றுகளுக்கும் பெரியபாளையத்தாள் துணையிருப்பாள்.

வருகிற வெள்ளிக்கிழமை நம் ஃபவுண்டரி வாசலில் அப்பாவின் வெண்கலச் சிலையைத் திறக்கிறோம். தாங்கள் வருவதாக அம்மாவிடம் போனில் சொன்னீர்களாம். "நெலத்த வித்து இரும்ப காச்சி ஊத்துறியே, அத துன்ன முடியுமா? இனிமே இந்த கேட்ட மிதிச்சா நான் மனுசனே இல்ல" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனவர் நீங்கள். அவர் சாவுக்குக்கூட வீட்டுக்கு வந்து அம்மாவுக்குக் கோடி போட்டுவிட்டு ஃபவுண்டரிப் பக்கம் திரும்பாமலே பஸ் ஏறினீர்கள். அந்த அண்ணன் வருகிறார் என்றதும் அம்மா பத்து வயது குறைந்தவளைப்போல வளைய வருகிறாள். அப்படியிருந்தும் ஒன்று கேட்கிறேன். தயவுசெய்து வராதீர்கள் மாமா. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

நாங்கள் தண்ணீர் பம்பு பாகங்களுக்கு ஊற்றுவது மணல் வார்ப்பு. மர அச்சை மணலில் அழுத்தி எடுத்தால் பள்ளம், பள்ளத்தில் இரும்பு, அவ்வளவுதான். சொத்தையாக வந்தால் உருக்கி மறுபடி ஊற்றலாம், மர அச்சு பத்திரமாக அலமாரியில் இருக்கும். சிலை அப்படி இல்லை. செவ்வாப்பேட்டையிலிருந்து ரயிலில் வந்துபோன சிற்பி தானியேல் முதலில் உள்ளே ஒரு களிமண் உரு வைத்து, அதைச் சுற்றி அப்பாவை மெழுகில் செய்தார். மெழுகின்மேல் மறுபடி களிமண் பூசிக் காயவைத்து நெருப்பில் காட்டினால் மெழுகு உருகித் துளை வழியே ஓடிவிடும், அது இருந்த இடத்தில் வெண்கலம் போய் உட்காரும். மெழுகும் போச்சு, களிமண்ணையும் உடைத்தாக வேண்டும், இரண்டாவது வாய்ப்பே கிடையாது. உலைப்பக்கமே வளர்ந்த நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். உருகிய வெண்கலம் தளதளவென்று இறங்கியபோது நம் ஃபோர்மேன் அன்புராஜ் பக்தி முற்றிப்போய்ப் பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தார். "மாட்டுய்யா மொதல்ல, அப்பறம் கும்புடு" என்று தானியேல் அதட்டினார்.

கோளாறு அதற்கு முன்பே, மெழுகிலேயே நடந்துவிட்டது. தானியேல் போட்டோவைப் பார்த்து அப்பாவை அச்சு அசலாகத்தான் செய்திருந்தார், சப்பை மூக்கும் சொட்டைத் தலையுமாக. "ஊரே பாக்கப்போவுது, கொஞ்சம் முடி வைங்க சார்" என்றாள் ஜோதி. வைத்தார். நான் என் பங்குக்கு மீசையை முறுக்கச் சொன்னேன். அம்மாவுக்கு முன்னால் அப்பா மீசை முறுக்கி நான் பார்த்ததே இல்லை, வெண்கலத்திலாவது முறுக்கட்டுமே என்ற ஆசை. அம்மா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மத்தியானம் சோறு கொண்டுவருவாள், தானியேல் கை கழுவப் போன சமயம் பார்த்துக் கட்டைவிரலால் மூக்கை இழுத்துவிடுவாள், தாடையை அமுக்கிவிடுவாள். "இன்னாம்மா இது, மூக்கு நீண்டுகினே போவுது?" என்று அவர் கேட்டால், "வெயிலுப்பா, உருகுது" என்பாள். கடைசியில் அவரும், ஊட்டுக்காரம்மாவுக்குப் பிடித்தால் சரி என்று விட்டுவிட்டார்.

களிமண்ணை உடைத்துத் துலக்கி நிமிர்த்தினோம். ஒரு பொத்தல் இல்லை, ஒரு கீறல் இல்லை, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அப்படி ஒரு வார்ப்பு. அன்புராஜ் மட்டும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "சார், அன்னிக்கு கேட்ல சத்தம் போட்டுகினு போனாரே பள்ளிப்பட்டுக்காரரு, அவரு மாரியே கீறாரு சார்" என்றார். கூர் மூக்கு, அடர்ந்த முடி, முறுக்கு மீசை, சாட்சாத் நீங்கள்தான் மாமா. அரத்தால் ராவிவிடலாமா என்று தானியேலைக் கேட்டேன். "ராவலாம் சார். உள்ள வெறுங்கூடு, மூக்கு இருந்த எடத்துல ஓட்டதான் மிஞ்சும்" என்றார்.

அப்பாவை மறந்துபோனவர்கள் எப்படியோ நம்பிவிடுவார்கள். நீங்கள் பக்கத்தில் வந்து நின்றால் ஊர் யார் கழுத்தில் மாலை போடும்? அதனால் உடம்பு சரியில்லை என்று அம்மாவுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். மனசு கேட்கவில்லை என்றால் மீசையையாவது மழித்துவிட்டு வாருங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் வலி தீரவும், கரும்பு நன்றாக விளையவும், இந்த மருமகன்மேல் உள்ள கோபம் பொங்கலுக்குள் ஆறவும் பெரியபாளையத்தாளை வேண்டும்,
குணா.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அம்மா வாங்கிப் படித்துவிட்டாள். அழுவாள் என்று பார்த்தால் சிரிக்கிறாள். "மூக்கு யாருதுன்னு மெழுகா இருக்கறப்பவே எங்கண்ணங்கிட்ட போன்ல சொல்ட்டேன். அதுக்கப்பறம்தான் வரேன்னாரு. 'மிதிக்கவே மாட்டேன்னு சொன்ன கேட்டுல என்னியே காவலுக்கு நிக்க வெச்சிட்டியே'ன்னு கொழந்த மாரி அழுதாரு. உங்கப்பா மொகம் எனக்கு மனப்பாடம்டா, அத வெண்கலத்துல பாத்துதான் தெரிஞ்சிக்கணுமா?" என்கிறாள். ஆகவே மேலே உள்ளது எதையும் நான் எழுதவில்லை, நீங்களும் படிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்துவிடுங்கள் மாமா, மீசையோடு.